பையும் பாதையும்: நிலாவெளிக் கரையில் ஒரு விடுதியும் அதன் அயலும்

திருகோணமலை மாவட்டத்தில் பெரிய கம்பனிகளுக்குப் பஞ்சமில்லை. சீனக்குடாவில் பிறீமா மா ஆலை 1980 இலிருந்து இயங்குகிறது. அதே பக்கத்தில் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது. பிரித்தானியர் விட்டுப்போன 99 எண்ணெய்க் குதங்களில் 61 ஐ, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் இந்திய எண்ணெய்க் கம்பனியின் துணைக் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி.யும் சேர்ந்து நடத்தும் கம்பனிக்கு ஒதுக்கும் உடன்படிக்கை 2022 சனவரியில் கைச்சாத்தானது. வடக்கே புல்மோட்டையில் கனிய மணல் அகழும் அரச நிறுவனம் 1957 இல் தொடங்கியது. மூதூருக்குக் கிழக்கே சம்பூரில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் வருவதாக இருந்து 2016 இல் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின் திட்டம் 2025 ஏப்ரலில் தொடக்கிவைக்கப்பட்டது. உப்புவெளியிலிருந்து குச்சவெளி வரை கடற்கரை நெடுக விடுதிகள்.

இந்த மாவட்டத்தில் யாரிடமாவது 'சீ.எஸ்.ஆர்.', அதாவது கம்பனிகளின் சமூகப் பொறுப்பு, என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பாடசாலைப் பை, கொப்பி, மூக்குக்கண்ணாடி முகாம், கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல், நோன்பு காலத்தில் உலர் உணவுப் பொதி என்றுதான் பதில் வரும். கம்பனி அதிகாரிகளும் இதையேதான் சொல்வார்கள். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே விளக்கத்தில் நிற்கும்போது அந்த விளக்கத்தைக் கேள்வி கேட்க ஆளில்லாமல் போகிறது. அந்த விளக்கம் பிழையானது, ஊருக்குக் கேடும் செய்கிறது என்பது என் நிலைப்பாடு. அதைக் காட்ட ஒரேயொரு நிகழ்வை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நிலாவெளிக் கடற்கரையில் உள்ள ஒரு சுற்றுலா விடுதிக்கும் அதை ஒட்டியுள்ள மீனவர் குடியிருப்புக்கும் இடையே 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிந்திய பருவங்களில் நடந்த பேச்சு அது. இரு தரப்பும் பேசியபோது குறிப்பெடுப்பவனாக நான் உட்கார்ந்திருந்தேன். விடுதியின் பெயரையும் சங்கங்களின் பெயரையும் எழுதவில்லை. அவர்கள் இன்னும் ஒரே வேலியின் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள், பேச்சும் முடிந்துவிடவில்லை.

கொடை பழகிய விதம்

நிலாவெளி, கோபாலபுரம், இக்பால் நகர், இறக்கக்கண்டி என்று தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் கரை இது. கொடை இங்கே புதிதல்ல. கோயிலுக்கு ஒரு நாள் உபயம் எடுப்பதும், அன்னதானத்துக்கு மூட்டை அரிசி இறக்குவதும் தமிழ் வணிகரின் பழைய வழக்கம். முஸ்லிம்களிடம் ஸகாத் இருக்கிறது. சேமித்த செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு. ஸகாத்தைப் பற்றி இக்பால் நகர்ப் பெரியவர் ஒருவர் கூட்டத்தில் சொன்னது என் குறிப்பேட்டில் இருக்கிறது: "அது நாங்க குடுக்கிறதில்ல மகன், ஏழைட பங்கு எங்கட கையில இருக்கு, அதத் திருப்பிக் குடுக்கிறம்." கம்பனிகளின் கொடையில் இந்த உணர்வு இல்லை. அங்கே கொடுப்பது தயவாகவே இருக்கிறது. தயவு என்பதால் பதாகையும் படமும் வேண்டியிருக்கிறது.

2004 திசம்பர் 26 இதை இன்னொரு பக்கம் திருப்பியது. சுனாமியில் இந்தக் கரையின் வாடிகளும் வள்ளங்களும் வீடுகளும் விடுதிகளும் ஒன்றாகத்தான் போயின. அதன்பின் வந்த உதவி வெள்ளம் ஊரை மாற்றிவிட்டது. ஒவ்வொரு வாரமும் ஒரு வாகனம், ஒவ்வொரு வாகனத்திலும் ஒரு படிவம். வந்தவர்களில் நல்லவர்கள் பலர், அவர்கள் கட்டிய வீடுகளில்தான் ஊர் இன்றும் இருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து வருபவரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி 'என்ன தருவீங்கள்' என்பது என்று ஊர் அப்போதுதான் பழகியது. 'என்ன செய்யப்போறீங்கள்' என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 2005 இல் அரசாங்கம் கரையோரத்தில் கட்டடம் கட்டத் தடைவலயம் அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். மீனவரின் வீட்டுக்கு இறுக்கமாக இருந்த அந்தக் கோடு சுற்றுலா விடுதிகளுக்கு அப்படி இருக்கவில்லை. பின்னர் தடை தளர்ந்தது. ஆனாலும் அந்த இடைக்காலத்தில் சில குடும்பங்கள் உட்பக்கம் போய்விட்டன, கடற்கரைக் காணிகள் கைமாறின. விடுதிக்கும் ஊருக்கும் இடையிலுள்ள கசப்பின் வேர் அங்கே இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ளாமல் பைகளோடு வந்தால், கொடுக்கும் கை எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் பழைய கணக்கு மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

விடுதி கொடுத்தவை

கொடுத்தவற்றை மறைத்து எழுதுவது நியாயமல்ல. ஆண்டுதோறும் சனவரியில் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பையும் கொப்பிகளும் கொடுத்தார்கள். முன்பள்ளிக்கு ஊஞ்சலும் சறுக்குமரமும் வந்தன. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு பிளாஸ்டிக் கதிரைகள். கடற்கரைத் துப்புரவுக்கு வருடத்தில் ஒரு நாள், ஒரே நிறத் தொப்பி. பாடசாலையில் ஒரு நீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம். அதற்குச் சலவைக்கல்லில் பெயர் பொறித்து, பிரதேச செயலாளரைக் கூப்பிட்டு, நாடா வெட்டித் திறந்தார்கள்.

அந்த இயந்திரத்தின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நாம் 'ஆர்.ஓ.' என்று சொல்லும் வகை அது. உள்ளே இருக்கும் மென்சவ்வை நீரின் தன்மைக்கேற்ப மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றும் செலவு யாருடையது என்று கையளிப்புக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. பாடசாலைக்கு அதற்கென நிதி இல்லை. வலயக் கல்வி அலுவலகத்தின் பொருட்பட்டியலில் அது ஏறவில்லை. விடுதியைப் பொறுத்தவரை திறப்பு விழாவோடு வேலைத்திட்டம் 'நிறைவு'. இயந்திரம் நின்றுபோயிற்று, பிள்ளைகள் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் விடுதியின் வருடாந்தக் கையேட்டில் படம் வந்துகொண்டிருந்தது. அதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கையேடு தயாரிப்பவர் கொழும்பில் இருக்கிறார், பழைய படத்தை எடுத்துப் போடுகிறார். பொறுப்பைக் கொழும்பில் ஒரு பிரிவிடம் கொடுத்துவிட்டால் இப்படித்தான் ஆகும்.

ஊர்ச் சங்கத்தின் செயலாளர் கையில் எப்போதும் ஒரு கோப்பு இருக்கும். உள்ளே முழுக்கக் கோரிக்கைக் கடிதங்களின் பிரதிகள்: ஒலிபெருக்கி, கூடாரம், விளையாட்டுக் கழகத்துக்கு ஜேர்சி, மரண உதவிச் சங்கத்துக்குப் பாத்திரம். ஒரு கடிதத்தில்கூடப் பாதையைப் பற்றி இல்லை, தண்ணீரைப் பற்றி இல்லை. ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "அதெல்லாம் கேட்டா பிரச்சினையாப் போயிடும் சேர். பிறகு பையும் வராது." கொடை எதை அடக்கி வைத்திருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக நான் எழுதிவிட முடியாது.

பாதை

கரைவலை இழுப்பதை நேரில் பார்க்காதவர்களுக்காக: வள்ளத்தில் வலையை ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் அரைவட்டமாக இறக்குவார்கள். கயிற்றின் இரு முனைகளையும் கரையில் இரண்டு வரிசை ஆட்கள் பிடித்து, தூர நின்று தொடங்கி மெல்ல மெல்லக் கிட்டவாக நகர்ந்து இழுப்பார்கள். கடைசியில் மீன் சேர்ந்த வலையின் மடி கரையேறும். ஒவ்வொரு வலைக்கும் குறித்த கரைத்துண்டு உண்டு. அதைப் பாடு என்கிறோம். இழுக்கும் நேரத்தில் கரை வெறுமையாக இருக்க வேண்டும். கிழக்குக் கரையில் வாடைக்கடல் அடங்கி, ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து செப்ரெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் மாதங்களே கரைவலைக்கு நல்ல காலம். வெளிநாட்டார் வருவதும், புறாமலைத் தீவுக்குப் படகுகள் ஓடுவதும் அதே மாதங்களில்தான். மோதல் பருவத்திலேயே எழுதியிருக்கிறது.

ஊரிலிருந்து பாடுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை விடுதிக் காணியின் ஓரமாக ஓடியது. விடுதி வேலியைப் புதுப்பித்தபோது அதன் குறுக்கே படலை வந்தது. முதலில் பகலில் திறந்திருந்தது, பிறகு பூட்டு விழுந்தது. மீனவர்கள் சுற்றிப் போனார்கள். வலையைத் தோளில் சுமந்துகொண்டு விடியற்காலை இருட்டில் சுற்றிப் போவது என்னவென்று அந்தப் பூட்டைப் போட்டவருக்குத் தெரிந்திருக்காது. கரையில் சாய்கதிரைகளும் வரிசையாக இறங்கின.

சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரையும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயமாக வகுத்து, அதற்குள் செய்யும் அபிவிருத்திக்கு அனுமதிப்பத்திரம் கேட்கிறது. முறைப்பாடு செய்யலாம், விசாரணைக்குப் போகலாம். ஆனால் ஒரு கரைவலைத் தொழிலாளி ஒரு நாள் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போனால் அன்றைய பங்கு போய்விடும். அதனால் சட்டத்தில் இருந்தது ஊருக்கு எட்டவில்லை.

முதற் கூட்டம் பல்நோக்கு மண்டபத்தில் நடந்தது. விடுதிக்குப் புதிதாக வந்திருந்த முகாமையாளர் சிங்களத்தில் பேசினார். விடுதியின் வரவேற்புப் பிரிவில் வேலைசெய்யும் உள்ளூர்ப் பிள்ளை ஒருத்தி மொழிபெயர்த்தாள். அவர் கொடுத்தவற்றைப் பட்டியலிட்டு முடித்ததும் வயதான மீனவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, பை தந்தது உண்மை. எங்கட பேரப்பிள்ளையள் அதைத்தான் கொண்டு போகுதுகள். பாடுக்குப் போற வழியை அடைச்சதும் நீங்கதானே? பையத் திருப்பித் தாறம், படலையத் திறந்து விடுங்க."

மண்டபத்தில் யாரும் கைதட்டவில்லை. முகாமையாளர் பதில் சொல்லாமல் எழுதிக்கொண்டார். கூட்டம் முடிந்தபின் நேரே படலையைப் பார்க்கப் போனார். பூட்டு யார் சொல்லிப் போடப்பட்டது என்று விசாரித்தபோது, விருந்தினர் ஒருவரின் செருப்பு காணாமல் போனதைத் தொடர்ந்து பாதுகாப்பு ஒப்பந்தக்காரர் தானாகவே போட்டது என்று தெரியவந்தது. கம்பனியின் சமூகப் பொறுப்புக் கொள்கை அழகான தாளில் அச்சிடப்பட்டுக் கொழும்பில் இருந்தது. ஊரைப் பொறுத்தவரை கம்பனியின் கொள்கையை நடைமுறைப்படுத்தியவர் காவலாளிதான்.

சில கிழமைகளில் பாதை திறந்தது. வேலி ஓரமாக ஆறடி அகலம், படலை இல்லை, சாய்கதிரைகள் பாடுக்கு அப்பால். இதற்குப் பணமே செலவாகவில்லை. எந்த அறிக்கையிலும் இதற்குப் படம் வரவில்லை. ஒரு பாதையைப் படமெடுத்து என்ன என்று காட்டுவது?

மீன்

இனி வருவதுதான் இந்த நிகழ்வின் மிக முக்கியமான பகுதி என்று நினைக்கிறேன்.

விடுதியின் சமையலறைக்கு அறக்குளா, பாரை, விளைமீன், கணவாய் தினமும் வேண்டும். கரைவலையில் விழும் நெத்தலியும் சூடையும் அதற்கு உதவாது. ஆனால் அதே ஊரின் இயந்திரப் படகுகளில் தூண்டில் மீன் வருகிறது. அப்படியிருந்தும் விடுதிக்கு மீன் வந்தது கொழும்பு வழங்குநர் ஒருவரிடமிருந்து. திருகோணமலைக் கரையில் ஏறும் நல்ல மீனில் பெரும் பங்கு கூலர் லொறியில் பேலியகொடை மொத்தச் சந்தைக்குப் போகிறது. சுமார் 260 கிலோமீற்றர் போய், கைமாறி, மறுபடி அதே தூரம் திரும்பி வந்து நிலாவெளி விருந்தினரின் தட்டில் ஏறியது.

ஊரில் இதற்குச் சொல்லப்பட்ட காரணம், 'எங்களை அவங்களுக்குப் பிடிக்காது'. சமையற்காரர் சொன்ன காரணம், 'உள்ளூர் மீன் ஒழுங்காக வராது, பனிக்கட்டி போடமாட்டார்கள்'. இரண்டும் முழுக் காரணம் அல்ல. கணக்குப் பிரிவின் ஒரு விதிதான் எல்லாவற்றையும் தீர்மானித்திருந்தது: வழங்குநருக்கு ஒன்றரை மாதக் கடன், பிறகு காசோலை. பதிவுசெய்த வழங்குநர் இலக்கம், அச்சிட்ட பற்றுச்சீட்டு, வங்கிக் கணக்கு மூன்றும் வேண்டும்.

படகுக்காரர் ஒருவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் ஏறியது. இந்தக் கரையின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. இன்று விற்ற மீனின் காசில்தான் நாளைக்கு எண்ணெய் அடிக்க வேண்டும். ஒன்றரை மாதம் பொறுத்துக் காசோலை வாங்க அவரால் முடியாது. அதனால் முற்பணம் தந்து கட்டிவைத்திருக்கும் வியாபாரியிடம், அவர் சொன்ன விலைக்கே கொடுப்பார். ஆக, விடுதி ஊரை ஒதுக்கவில்லை. அதன் கொடுப்பனவு விதி ஒதுக்கியது. அந்த விதியைப் போட்டவர்கள் இந்த ஊரைப் பார்த்ததேயில்லை.

இதை மாற்றுவது பாதையைத் திறப்பதைவிடக் கடினமாக இருந்தது. கொழும்புக் கணக்குப் பிரிவு தயங்கியதற்கும் நியாயம் உண்டு: கைக்காசு கொடுத்து வாங்கினால் களவுக்கு வழி, தரத்துக்கு யார் உத்தரவாதம், பற்றுச்சீட்டில்லாத செலவைக் கணக்காய்வாளர் ஏற்கமாட்டார். தீர்வாக வந்தது ஊரின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். சங்கம் பதிவுசெய்த அமைப்பு, வங்கிக் கணக்கு இருக்கிறது. சங்கம் வழங்குநராகப் பதிந்தது. படகுக்காரருக்கு அன்றே சங்கம் காசு கொடுக்கும், விடுதி சங்கத்துக்குக் கிழமைக்கு ஒருமுறை வங்கியில் போடும். அந்த இடைவெளியைத் தாங்கச் சுழற்சி நிதி வேண்டும். அதை விடுதி முற்பணமாகக் கொடுத்தது, பிறகு கொள்வனவில் கழித்துக்கொண்டது. விலை அன்றைய கரை ஏலத்தை ஒட்டி. பனிக்கட்டிப் பெட்டியைச் சங்கம் வாங்கியது. சமையற்காரர் கரைக்கு வந்து எந்த மீனை எப்படிக் குடல் எடுத்து, எப்படிப் பனியில் அடுக்க வேண்டும் என்று பெண்களுக்குக் காட்டிக்கொடுத்தார். மீன் வெட்டிச் சுத்தம் செய்வது அதன்பின் சில பெண்களுக்குத் தொழிலாயிற்று.

முதற் பருவத்தில் தடுமாற்றங்கள் இருந்தன. ஒருமுறை சங்கம் ஒப்புக்கொண்ட மீன் வரவில்லை. வியாபாரி கூடுதல் விலை சொன்னதும் இரண்டு படகுகள் அங்கே போய்விட்டன. பொறுப்பு விடுதிக்கு மட்டும் உரியதல்ல என்பதைச் சங்கம் அன்று கசப்போடு கற்றது. நல்லதொரு மாற்றமும் வந்தது: விடுதி வாங்கத் தொடங்கியபின் வியாபாரியும் விலையை ஏற்ற வேண்டியிருந்தது. விடுதிக்கு விற்காத படகுக்காரருக்கும் அதனால் நன்மை. பல வருடப் பைகள் செய்யாததை ஒரு கொடுப்பனவு விதி செய்தது.

உலகம் எங்கே நிற்கிறது

இந்த இடத்தில் கொஞ்சம் வெளியே போய் வருவது உதவும். 1970 இல் பொருளியலாளர் மில்டன் பிரீட்மன் எழுதினார்: விதிகளுக்குள் நின்று இலாபத்தைப் பெருக்குவதே கம்பனியின் சமூகப் பொறுப்பு, முகாமையாளர் பங்குதாரரின் பணத்தில் தருமம் செய்யக் கூடாது. அவரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவருடைய எதிர்ப்பு எதைத் தாக்குகிறது என்று பாருங்கள்: பைகளைத்தான். பாதையைத் திறப்பதையோ மீனுக்குக் கிழமையில் காசு கொடுப்பதையோ அது தொடவில்லை.

1991 இல் அமெரிக்க முகாமைத்துவப் பேராசிரியர் ஆர்ச்சி கரோல் கம்பனியின் பொறுப்புகளை நான்கு அடுக்குக் கூம்பகமாகக் காட்டினார்: அடியில் பொருளாதாரம், அதன்மேல் சட்டம், அதன்மேல் அறம், உச்சியில் மட்டும் கொடை. நம்மூரில் வீட்டைக் கூரையிலிருந்து கட்டத் தொடங்குகிறோம். 2010 இல் வந்த, சர்வதேசத் தரநிர்ணய அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 26000 வழிகாட்டி இன்னும் நேராகப் பேசுகிறது: ஒரு நிறுவனம் தன் தீர்மானங்களும் செயல்களும் சமூகத்திலும் சூழலிலும் உண்டாக்கும் தாக்கத்துக்குப் பொறுப்பேற்பதே சமூகப் பொறுப்பு. இது சான்றிதழ் பெறும் தரநிர்ணயம் அல்ல. அதனாலேயோ என்னவோ விளம்பரங்களில் இதைக் காண்பதில்லை. 2011 இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை ஏற்றுக்கொண்ட வழிகாட்டிக் கோட்பாடுகள், ஒரு இடத்தில் செய்த நன்மையைக் காட்டி இன்னொரு இடத்தில் செய்த உரிமைமீறலை ஈடுசெய்ய முடியாது என்கின்றன. பல்நோக்கு மண்டபத்தில் எழுந்து பேசிய அந்த மீனவர் இதையேதான் சொன்னார்.

இந்தியா வேறு வழி எடுத்தது. 2013 ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டத்தின் 135 ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1000 கோடி, நிகர இலாபம் 5 கோடி என்ற மூன்றில் ஒன்றை எட்டும் கம்பனிகள் முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் அப்படிக் கட்டாயம் இல்லை. இங்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். கூட்டத்திலும் ஒரு இளைஞர் கேட்டார். எனக்குத் தயக்கம் உண்டு. இந்திய விதிகள் கம்பனியின் வழமையான வணிகத்துக்குள் அடங்கும் செயல்களைச் சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்கில் எடுப்பதில்லை. நிலாவெளியில் உண்மையான மாற்றம் தந்த மீன் கொள்வனவு அந்தக் கணக்கில் சேராது. நின்றுபோன நீர் இயந்திரம் சேர்ந்திருக்கும். வணிகத்தை எப்படி நடத்துகிறாய் என்று கேட்காமல், நடத்தி முடித்தபின் எவ்வளவு கொடுத்தாய் என்று மட்டும் கேட்கும் சட்டம் நம் பழைய பழக்கத்துக்கே அரச முத்திரை குத்தும்.

தண்ணீர்

தண்ணீரில் முன்னேற்றம் குறைவு. நிலாவெளி மணற்பாங்கான கரை. நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நன்னீர் மட்டம் 1 மீற்றர் இறங்கினால் காலப்போக்கில் அடியிலுள்ள உவர்நீர் எல்லை ஏறத்தாழ 40 மீற்றர் மேலேறக்கூடும் என்பது நிலநீரியலில் பழைய கணக்கு. இந்தப் பக்கம் சின்ன வெங்காயத் தோட்டங்களும் கிணற்றை நம்பித்தான். ஓகஸ்டில் கச்சான் காற்று எரிக்கும் நாட்களில் விடுதி நிறைந்திருக்கும், நீச்சல் தடாகமும் புற்றரையும் தண்ணீர் கேட்கும், தோட்டமும் கேட்கும். ஊர்க் கிணறுகள் சில உவர்த்தன.

விடுதிதான் காரணம் என்று ஊர் சொன்னது. அதற்கு ஆதாரம் இல்லை. வெங்காயத்துக்கு இறைக்கும் மோட்டர்கள் எத்தனை, எவ்வளவு நேரம் ஓடுகின்றன என்றும் யாரும் எழுதிவைக்கவில்லை. அளக்காத விடயத்தில் இரு தரப்பும் கோபப்பட மட்டுமே முடியும். எனவே அளப்பது என்று முடிவாயிற்று: விடுதிக் கிணறுகளுக்கு நீர்மானி, மாத வாசிப்பு கிராம சேவையாளர் அலுவலகத்து அறிவித்தற் பலகையில் தமிழில். ஊர்க் கிணறுகள் சிலவற்றில் உப்பின் அளவைச் சிறு கருவியால் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் எடுப்பார். ஒரு பருவம் ஒழுங்காக நடந்தது. ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனதும் ஊர்ப் பக்கத்து வாசிப்பு நின்றது. விடுதியின் வாசிப்பு வந்துகொண்டிருக்கிறது, ஒப்பிட எதுவும் இல்லாமல். பழைய நீர் இயந்திரத்துக்கு விடுதி இரண்டு வருடப் பராமரிப்பை எழுத்தில் ஏற்றுக்கொண்டது, அது ஓடுகிறது.

தீராதது

வேலை பற்றிய பேச்சில்தான் இரு தரப்பும் இன்னும் முரண்பட்டு நிற்கின்றன. ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் தோட்டம், துப்புரவு, சலவை, காவல். இவற்றில் பலரை விடுதி நேரடியாக எடுப்பதில்லை. ஆள் வழங்கும் ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறார்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு வேலைதருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு வேலைதருநர் 3 வீதமும் கட்ட வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தக்காரர் கட்டுகிறாரா என்று சலவைப் பகுதிப் பெண்களிடம் கேட்டபோது, தங்கள் உறுப்பினர் இலக்கமே தெரியாது என்றார்கள் சிலர். ஒருத்தி சொன்னாள்: "அண்ணா, சம்பளத்தில வெட்டுறாங்க. எங்க போகுது எண்டு தெரியாது." விருந்தினர் பட்டியலில் சேர்க்கப்படும் 10 வீதச் சேவைக் கட்டணம் விடுதியின் நிரந்தர ஊழியருக்குள் பகிரப்படுகிறது. அறைத் துணியைத் துவைத்து மடித்துக் கொடுக்கும் இந்தப் பெண்களுக்கு அதில் பங்கில்லை. நவம்பரில் மழை தொடங்கி விருந்தினர் குறைந்ததும் முதலில் நிறுத்தப்படுபவர்களும் இவர்கள்தான்.

முகாமையாளர் இதை மறுக்கவில்லை. 'அது ஒப்பந்தக்காரரின் விடயம்' என்றார். பாதையைப் பூட்டியதும் ஒப்பந்தக்காரரின் ஆள்தான். அன்று அந்தப் பதிலை அவர் சொல்லவில்லை, நேரே போய்ப் படலையைப் பார்த்தார். ஆட்கூலியில் அவர் அப்படிப் போக முடியாததற்குக் காரணம் எனக்கு விளங்குகிறது. பாதைக்குச் செலவில்லை. மீனில் லொறிச் செலவு மிச்சமாயிற்று, விடுதிக்கும் நயம். இந்தப் பெண்களின் நிதியும் சேவைக் கட்டணப் பங்கும் உண்மையான செலவு, ஒவ்வொரு மாதமும் வரும் செலவு. கம்பனிக்கும் ஊருக்கும் ஒரே நேரத்தில் நன்மை தரும் வழிகளைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசப்படுகிறது. அந்த வழிகள் முடிந்து, ஒருவருக்கு நன்மை இன்னொருவருக்குச் செலவு என்று வரும் இடத்தில் என்ன செய்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு கம்பனியின் பொறுப்பை நான் மதிப்பிடுவேன்.

கடைசிக் கூட்டத்தில் மாதர் சங்கம் இரண்டு கோரிக்கை வைத்தது. ஆள் வழங்கும் ஒப்பந்தத்தில், நிதிக் கட்டணம் செலுத்திய பற்றுச்சீட்டை மாதந்தோறும் காட்டினால்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம் விடுவிக்கப்படும் என்று ஒரு வாசகம் சேர்க்க வேண்டும். சலவைப் பகுதியில் இரண்டு பருவம் முடித்தவர்களை விடுதியே நேரடியாக எடுக்க வேண்டும். முதலாவதை முகாமையாளர் கொழும்புக்கு எழுதுவதாகச் சொன்னார். இரண்டாவதற்குப் பதில் சொல்லவில்லை. அவ்வருடம் சனவரியில் பைகள் வந்தன, சங்கம் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. கூடவே, செயலாளரின் கோப்பில் முதன்முறையாக எதையும் தரும்படி கேட்காத ஒரு கடிதம் சேர்ந்தது: பருவம் தொடங்குமுன் புதுப்பிக்கப்படும் ஆள் ஒப்பந்தத்தில் அந்த வாசகம் இருக்கிறதா, இல்லையா என்று எழுத்தில் அறியத் தரவும். அதற்கான பதிலுக்குச் சங்கம் காத்திருக்கிறது.